வாளியம்மாவின் கதவு

என் நாத்தனார் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, முதுகைக் கதவில் முட்டுக்கொடுத்து, நின்றபடியேதான் சாப்பிடுவாள். புடவை மாற்ற வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னால் ஒரு தகர வாளியை வைத்து, அதன் விளிம்பில் நாலைந்து கரண்டிகளை அடுக்கி வைப்பாள். யாராவது கதவைத் தள்ளினால் எல்லாம் கவிழ்கிற சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்து ஊர் அவளுக்கு வாளியம்மா என்று பெயர் வைத்தது. பெயர் வைத்த மகராசர்கள் எல்லோருடைய வீட்டுக் கதவிலும் உள்பக்கம் தாழ் இருக்கிறது. அவள் வீட்டுக் கதவில் இல்லை. இருக்கக் கூடாது என்று சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டது ஒரு கவிதை.

நேரில் அவளை 'அண்ணி, வாங்க, போங்க' என்றுதான் பேசுவேன். என் கணவருக்கு அக்கா, என்னைவிட நிறைய மூத்தவள். எழுத உட்கார்ந்தால் 'அவள்' என்றுதான் வருகிறது. கோபமாக இருக்கும்போது எனக்கு மரியாதையெல்லாம் கைக்கு வராது. கோபம் அவள் மேல் இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

ஊர்க் கடைசியில் இருக்கும் ஓட்டு வீடு அது. முன்னறை ஒன்று, பின்னறை ஒன்று, நடுவில் கதவே இல்லாத ஒரு வழி. மரக்கம்பி போட்ட ஜன்னல் ஒன்று, வாசல் கதவு ஒன்று. ஒரு காலத்தில் அங்கே ஒரு கவிஞர் வாடகைக்குக் குடியிருந்தார். குடியிருந்தபோது அவரை யாருக்கும் தெரியாது. ஊரை விட்டுப் போன பிறகு பெரிய ஆளாகி, செத்த பிறகு இன்னும் பெரிய ஆளாகிவிட்டார். 'என் வீட்டுக் கதவுக்குத் தாழில்லை, வருகிறவன் பெயரைக் கேட்பதில்லை' என்று அந்த வீட்டைப் பற்றி அவர் எழுதியது பாடப் புத்தகத்தில் வந்தது. பேருந்து நிறுத்தத்துச் சுவரில் வந்தது. துணிக்கடைப் பையில்கூட வந்தது. எங்கே பார்த்தாலும் தாழில்லை, தாழில்லை.

அவர் குடியிருந்த நாட்களில் என் நாத்தனார் சின்னப் பெண். நாலு வீடு தள்ளி அவள் அம்மா, அதாவது என் மாமியார், மாடு வைத்திருந்தார். காலையில் கவிஞர் வீட்டுக்குப் பால் கொண்டுபோவது இவள் வேலை. இந்தக் கதையை அவள் எனக்குச் சொன்னது கீரை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு மதியம். நானாகக் கேட்டதால் சொன்னாள்.

"நெஜமாவே கதவு தொறந்தேதான் இருக்குமா அண்ணி?"

"அவரு வீட்ல இருந்தா தொறந்திருக்கும். நெறைய பேரு வருவாங்க, பேசுவாங்க, ஒரே சிரிப்பா இருக்கும். அவரு வெளிய கெளம்பிட்டா வெளித்தாழ் போட்டிருக்கும். நான் ஜன்னல் வழியா செம்ப நீட்டுவேன்."

"யாருகிட்ட நீட்டுவீங்க?"

"அந்த அம்மாகிட்டதான். அவரு சம்சாரம்."

"பொண்டாட்டிய உள்ள வெச்சா வெளித்தாழ் போட்டுட்டுப் போனாரு?"

"ஆமா." கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். "உள்தாழ் இல்லதான். அவரு எழுதினது பொய்யில்ல."

"தொறந்து விடுன்னு அந்த அம்மா உங்களக் கேக்கலையா?"

"ஒருநாளும் கேக்கல. பால ஊத்திக்கிட்டு செம்பக் கழுவிக் குடுப்பாங்க. ரொம்பச் சுத்தமாக் கழுவுவாங்க."

ஊரை விட்டுப் போகும்போது கவிஞர் அந்த வெளித்தாழைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொண்டு போனாராம். தன் காசில் போட்டதாம். அடுத்த வீட்டுக்கும் வேண்டுமில்லையா! வீட்டுக்காரர் ஆணி ஓட்டைகளில் மெழுகை அடைத்துப் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டார். அந்த வீட்டுக்காரரின் மகனுக்குத்தான் பிற்பாடு என் நாத்தனாரைக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணமாகி வந்தவுடன் அவள் கேட்ட ஒரே பொருள் உள்பக்கம் ஒரு தாழ். கொல்லரிடம் சொல்லி அடித்த இரும்புத் தாழ், அவள் முழங்கை நீளம். அதைப் போட்டால் யானை வந்து முட்டினாலும் கதவு அசையாது என்று பெருமையாகச் சொல்வாள். அந்தத் தாழுக்குப் பின்னால் அவள் சௌக்கியமாகத்தான் குடித்தனம் செய்தாள். பிள்ளைதான் இல்லை.

அப்புறம் நினைவு இல்லக் குழு என்று ஒன்று வந்தது. செயலாளராக வந்தவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். என் நாத்தனார் கணவருக்குப் புகழ்ச்சி என்றால் போதும், எழுதிக் கொடுத்துவிடுவார். 'கவிஞர் வீட்டுக்காரர்' என்று மேடையில் கூப்பிட்டு ஒரு துண்டைப் போர்த்தினார்கள். வீட்டையே எழுதிக் கொடுத்துவிட்டார். புருஷனும் பெண்டாட்டியும் உயிரோடு இருக்கும்வரை பின்னறையில் இருந்துகொள்ளலாம், கூட்டிப் பெருக்கிக்கொள்ளலாம், வீட்டில் எதையும் மாற்றக் கூடாது. அவ்வளவுதான் பேச்சு. பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மற்ற இடங்களில் ரிப்பன் வெட்டித் திறப்பு விழா நடத்துவார்கள். எங்கள் ஊரில் தாழைக் கழற்றி நடத்தினார்கள். கவிதைக்கு ஏற்றபடி வீடு இருக்க வேண்டுமாம். செயலாளர் திருப்புளியை வாங்கித் திருகினார். கொல்லர் வேலை லேசில் கழலுமா? பல்லைக் கடித்தார், முகம் சிவந்தது, ஃபோட்டோக்காரர் மூன்றாவது தடவையாகச் சிரிக்கச் சொன்னார். கடைசியில் தச்சர் வந்து கடப்பாறையால் நெம்பினார். தாழ் கீழே விழுந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அவள் கணவரும் தட்டினார். என் நாத்தனார் குனிந்து அதைப் பொறுக்கி ஒரு பழந்துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்தாள். அந்த வீட்டில் அவள் தாழ் போட்டுத் தூங்கியது அதற்கு முந்தின நாளோடு சரி.

வருகிறவன் பெயரைக் கேட்பதில்லை என்றுதானே எழுதியிருக்கிறது? வருகிறவர்களும் கேட்கவில்லை. கதவைத் தட்டுவது கவிஞருக்கு அவமரியாதை என்று நினைத்துக்கொண்டார்கள். விடியற்காலையில் வந்தார்கள், சாப்பாட்டு நேரத்தில் வந்தார்கள். அவள் ஈரத்தலையோடு நிற்கும்போது ஒரு கல்லூரிக் கூட்டம் வந்து, 'நீங்க அப்படியே இருங்க, நல்லாருக்கு' என்று ஃபோட்டோ எடுத்தது. அவள் குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, 'கவிஞரும் இதான் சாப்பிடுவாரா?' என்று கேட்ட பெண்மணி ஒருத்தி. பாயில் படுத்திருந்தவளைத் தாண்டிப் போய்ச் சுவரைத் தொட்டுக் கும்பிட்ட ஒரு பெரியவர். அவர்கள் யாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். கெட்டவன் வந்தால் விளக்குமாற்றை எடுக்கலாம். பக்தியோடு வருகிறவனை என்ன செய்வது?

திரை போடுகிறேன் என்றாள். கூடாது என்றார்கள். கதவுக்கு ஒரு கட்டையை முட்டுக்கொடுத்தாள். குழுவின் காவல்காரர் அதை எடுத்துப்போய் வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டார். அதற்கப்புறம்தான் வாளி வந்தது.

வருகிறவர்களுக்காகக் குழு வீட்டுக்குப் பின்னால் ஒரு கழிப்பறை கட்டியிருந்தது. அதற்கு மட்டும் உள்பக்கம் தாழ் உண்டு, பளபளவென்று. என் நாத்தனார் புடவை மாற்றவும் அங்கே போக ஆரம்பித்தாள், தலை வாரவும் அங்கே போக ஆரம்பித்தாள். நான் தேடிக்கொண்டு போனால் கழிப்பறைக்குள்ளிருந்து, "இருடி, வரேன்" என்று குரல் வரும். எனக்குச் சிரிப்பும் வரும், செத்துவிடலாம் போலவும் இருக்கும்.

அவள் கணவர் படுத்த படுக்கையானது மழைக்காலத்தில். பின்னறைக் கட்டிலில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தார். அது அவரே சந்தையில் வாங்கிய கட்டில். குழு அதன் காலில் 'கவிஞர் உறங்கிய கட்டில்' என்று தகடு அடித்திருந்தது. நாங்கள் நாலு பேர் சுற்றி நின்று வாயில் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு குடும்பம் குடையை மடக்கிக்கொண்டு நேராக உள்ளே வந்தது. அந்த வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "இதுதாங்க கவிஞர் கட்டிலா?" என்று கேட்டாள்.

என் நாத்தனார் திரும்பிப் பார்த்தாள். "ஆமாங்க. கொஞ்சம் இருங்க. இவரு போனதும் பாக்கலாம்."

அவர்கள் நகர்ந்து நின்றார்களே தவிர, போகவில்லை. வெளியே மழை. முன்னறையில் நின்று மெதுவாக அந்தக் கவிதையைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினார்கள். அதைக் கேட்டுக்கொண்டே அவர் போய்ச் சேர்ந்தார். என் நாத்தனார் அங்கே அழவில்லை. வந்த கூட்டத்துக்கு நடுவில் அவளால் அழ முடியவில்லை. கழிப்பறைக்குப் போய்த் தாழைப் போட்டுக்கொண்டு அழுதாள். வெளியே அந்தக் குடும்பத்துப் பிள்ளை அவசரம் என்று கதவைத் தட்டிக்கொண்டே இருந்தது. புருஷனுக்காக அவள் அழுதது அவ்வளவுதான், அந்தப் பிள்ளை தட்டியது வரைக்கும்.

இதற்கப்புறம் நான் சும்மா இருப்பேனா? அரிசி டின்னிலிருந்து தாழை எடுக்கச் சொல்லி, அவளையும் இழுத்துக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போனேன். இரும்பு கேட், அதற்கு ஒரு பூட்டு. மணியை அடித்தோம். நாய் குரைத்தது. கதவிலிருந்த கண்ணாடி ஓட்டை வழியாக எங்களைப் பார்த்துவிட்டு, மேல்தாழ், நடுத்தாழ், கீழ்த்தாழ் என்று ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வந்தார்.

"ஐயா, இந்தத் தாழ மறுபடியும் போட்டுக்கறேன்யா," என்றாள் என் நாத்தனார். "ராத்திரிக்கு மட்டும் போட்டுக்கறேன். விடிஞ்சதும் எடுத்துடறேன்."

"அம்மா, அந்தக் கதவப் பத்தி உலகமே பேசுது. நீங்க அதுல போய்த் தாழ் போடறேங்கிறீங்களே!"

"தனியா இருக்கேன்யா. பயமாருக்கு."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்புகூட இல்லை, பிள்ளைகளைப் பார்த்துச் சிரிப்பது போல. "பயப்பட என்ன இருக்கு? உங்ககிட்ட எடுத்துட்டுப் போறதுக்கு என்ன இருக்கு சொல்லுங்க?"

எனக்கு வாய் அடங்கவில்லை. "உங்க கவிஞரு பொண்டாட்டிய உள்ள வெச்சு வெளித்தாழ் போட்டுட்டுப் போனவரு. இவங்களே கண்ணால பாத்திருக்காங்க. அத எழுதி மாட்டுங்க மொதல்ல!"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துத்தான் பேசினார். "இந்த மாதிரிப் பேச்சு இன்னொரு தடவ என் காதுல விழுந்தா, நீங்க வேற எடம் பாத்துக்க வேண்டியதுதான்."

வேறு இடம் எங்கே இருக்கிறது? என் வீட்டில் இருக்கும் கூட்டத்துக்கே கால் நீட்ட இடமில்லை. அவள் தாழைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். வரும் வழியில், "ஏன்டி உனக்கு இந்த வாய்?" என்று மட்டும் கேட்டாள். நான் வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடிக்கொண்டது அபூர்வம்.

போன வருடம் பழைய கட்டடங்களைச் சீர்செய்யும் பொறியாளர் ஒருவரைக் குழு வரவழைத்தது. கண்ணாடி போட்ட இளைஞர், நல்ல பிள்ளை. கதவைத் தடவித் தடவிப் பார்த்தார். சின்னக் கத்தியால் பச்சை பெயிண்ட்டைச் சுரண்டினார், மெழுகை நோண்டினார். திடீரென்று துள்ளிக்கொண்டு செயலாளரைக் கூப்பிட்டார்.

"சார், இங்க தாழ் இருந்திருக்கு! கவிஞர் காலத்து ஆணி ஓட்டை!"

செயலாளருக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் உலகமே அந்தக் கதவில்தானே நிற்கிறது! "எந்தப் பக்கம்?" என்றார்.

"வெளிப்பக்கம் சார். உள்பக்கம் இருக்கறது பின்னாடி அடிச்சது."

செயலாளர் குனிந்து ஓட்டையைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். "அப்போ கவிதை சரிதான்! உள்ள தாழில்ல. வெளிய போறப்ப ஆடு மாடு நொழையாம இருக்க ஒண்ணு போட்டிருப்பாரு. எவ்வளவு எளிமையான மனுஷன்!" ஆடு மாடாம். என் நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். அவள் இருக்க இடம் வேண்டுமே.

கவிஞர் காலத்தில் இருந்தபடியே தாழ் போடுவதென்று குழு முடிவெடுத்தது. கதவுக்குத் தாழ் வரப்போகிறது என்ற செய்தி மட்டும் என் நாத்தனார் காதுக்குப் போயிருக்கிறது. எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. அவளிடம் எதைத்தான் சொன்னார்கள்? அவள் தெருவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். வாளியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, "இது இனிமே எனக்கு வேணாம், நீ மாட்டுக்கு வெச்சுக்கோ," என்று கொடுத்தாள். அவள் சிரித்து நான் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. நானும் ஏமாந்துபோனேன் என்பதுதான் உண்மை. வெளிப்பக்கம் என்று என் காதாலேயே கேட்டிருந்தும், இவ்வளவு கெஞ்சியவளுக்கு உள்ளேயும் ஒன்று போட்டுக் கொடுப்பார்கள் என்று நம்பினேன்.

தச்சர் வந்த அன்று அவள் அவருக்காகச் சமைத்து வைத்திருந்தாள். அரிசி டின்னிலிருந்து எடுத்த தாழுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்து, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு நின்றாள். தச்சர் கதவுக்கு வெளியே போய் உட்கார்ந்து துளை போட ஆரம்பித்தார்.

"இந்தப் பக்கம்யா," என்றாள் அவள், உள்ளேயிருந்து.

"இல்லம்மா, வெளியதான். வரைபடமே குடுத்திருக்காங்க."

"வெளிய எதுக்கு?"

"எனக்கென்னம்மா தெரியும்? பழையபடி இருக்கணுமாம்."

அவள் நகரவில்லை. துளைக்கருவியின் முனை கதவைத் துளைத்துக்கொண்டு அவள் முகத்துக்கு நேராக எட்டிப் பார்த்தது. மரத்தூள் அவள் கையிலிருந்த தாழின் மேல் உதிர்ந்தது. அதை ஊதிவிட்டு, தாழைக் கொண்டுபோய் மறுபடி டின்னில் வைத்துவிட்டு வந்து, "சாப்பிட வாங்க, ஆறிடும்," என்று தச்சரைக் கூப்பிட்டாள்.

இதற்கும் ஒரு விழா. தலைநகரிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். அவர் தன் கையால் தாழை இழுத்துப் போட வேண்டும், ஃபோட்டோ எடுக்க வேண்டும், பிறகு கவிதை வாசிக்க வேண்டும். இழுத்துப் போட்டார். கூட்டம் கை தட்டியது.

"ஐயா, உள்ள ஆளு இருக்காங்க!" என்று நான் கத்தினேன்.

"தெரியும்மா," என்றார் செயலாளர் பல்லிடுக்கில். "ரெண்டு நிமிஷம். ஃபோட்டோ எடுத்துக்கட்டும்."

மூடின கதவுக்கு முன்னால் நின்று பெரிய மனிதர் உருகி உருகி வாசித்தார், என் வீட்டுக் கதவுக்குத் தாழில்லை என்று. ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை. கதவில் தொங்குவதற்கும் காதில் விழுவதற்கும் சம்பந்தம் இருப்பதாக யாருக்கும் தோன்றவில்லை. வாசித்து முடித்ததும் விருந்துக்குப் போய்விட்டார்கள். காவல்காரர் மட்டும் கதவருகே நின்றார்.

"தொறய்யா," என்றேன்.

"செயலாளர் சொல்லாம யாரும் தொடக் கூடாதும்மா. போர்டு பாருங்க."

புதுப் பலகை, எழுத்து பெரிதாக: 'கவிஞர் காலத்துத் தாழ். தொடாதீர்கள்.' நான் ஜன்னலுக்கு ஓடினேன். அதை அவள் உள்ளேயிருந்து சாத்தியிருந்தாள். அண்ணி, அண்ணி என்று தொண்டை வறளக் கத்தினேன். பதில் இல்லை. செயலாளர் விருந்து முடிந்து, வெற்றுப் பேச்செல்லாம் முடிந்து, ஆள் அனுப்பும்போது வெயில் தாழ்ந்துவிட்டது. தாழை நீக்கிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே விழுந்தேன்.

தரையில், அறைக்கு நட்டநடுவில், பாய் விரித்துப் படுத்திருந்தாள். கதவை விட்டு அவ்வளவு தள்ளிப் படுத்து அவளை நான் கண்டதில்லை. கூந்தலை அவிழ்த்துப் பரத்திவிட்டு, புடவையைத் தளர்த்திக்கொண்டு, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகக் குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாப்பிட்ட தட்டு இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

வெளிச்சம் பட்டதும் கண் விழித்தாள். "ஏன்டி தொறந்த?" என்றாள்.

அந்த வார்த்தைக்கு நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழவில்லை. எழுந்து கூந்தலை முடிந்துகொண்டே சொன்னாள். "ஒருத்தரும் உள்ள வரல. கதவு தொறந்திருந்தா செருப்போட வர்றவங்க, போர்டு போட்டதும் கிட்டகூட வரல. சாயங்காலமானா வந்து போட்டுவிட்டுட்டுப் போறியா?"

"பைத்தியமா அண்ணி உங்களுக்கு? உள்ள தீப்பிடிச்சா என்ன பண்ணுவீங்க? நெஞ்சு வலி வந்தா யாரக் கூப்பிடுவீங்க?"

"வந்தா வரட்டும். அதுவரைக்கும் எவனும் வரமாட்டான்ல."

செயலாளரும் சம்மதித்துவிட்டார். தாழ் போட்டிருந்தால்தான் தாழ் என்று தெரிகிறதாம், ஃபோட்டோவுக்கும் நன்றாக இருக்கிறதாம். அந்தத் தாழ் ஏன் வெளிப்பக்கம் இருக்கிறது என்று வந்தவர்களில் ஒரு ஆள் இதுவரை கேட்கவில்லை.

சாயங்காலம் பால் கறந்ததும் அவளுக்கு ஒரு செம்பு கொண்டுபோகிறேன். ஊற்றிக்கொண்டு செம்பைக் கழுவிக் கொடுப்பாள். பிறகு அவள் உள்ளே போவாள், நான் என் கையால் தாழை இழுத்துப் போடுவேன். விடிந்ததும் நானே வந்து நீக்குவேன். போட ஆரம்பித்த முதல் வாரத்தில் தாழ் கனமாக இருந்தது, இப்போது கைக்குப் பழகிவிட்டது. தினமும் வயிறு எரிந்துகொண்டேதான் போடுகிறேன்.

நேற்றும் போட்டேன். திரும்பி நடக்கும்போது உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

"நல்லா விழுந்துச்சா? ஒருதடவ ஆட்டிப் பாரு."

ஆட்டிப் பார்த்தேன். அசையவில்லை.